கோட்டையூர்க் கட்டுரைகளில் அறுந்த இணைப்புகள்: தானியங்கியிடம் எதைக் கொடுக்கலாம்?

கோட்டையூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து தமிழ் விக்கிப்பீடியாவில் நகரத்தாரின் ஒன்பது கோயில்கள், ஆத்தங்குடி ஓடு, சுற்றுவட்டார ஊர்கள் என்று 60 கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். "மேற்கோளாகக் கொடுத்த முகவரிகள் பல இப்போது திறக்கவில்லை. ஊர்ப்பெயர்களுக்கும் சரியாக இணைப்பு இல்லை. ஆங்கிலப் பக்கங்களோடும் சில கட்டுரைகள் சேராமல் நிற்கின்றன. ஒரு பாட், அதாவது தானாகவே தொகுக்கும் நிரல், எழுதி ஓடவிட்டால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும் என்கிறான் பேரன். செய்யலாமா?"

செய்யலாம் ஐயா. ஆனால் நீங்கள் சொல்வது ஒரு வேலை இல்லை, மூன்று வேலை. ஒன்றுக்குப் பாட் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றுக்குப் பாட்டே வேண்டாம். மூன்றாவதைப் பாட்டிடம் அப்படியே விட்டால் கட்டுரை கெட்டுப்போகும்.

வேண்டாத ஒன்றை முதலில் முடித்துவிடுவோம். ஒரு காலத்தில் பிறமொழி இணைப்புகள் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சில் ஒரு பக்கத்தின் தலைப்பு மாறினால் அத்தனை மொழிகளிலும் அந்த வரியை மாற்ற வேண்டும். பாட்கள் இரவும் பகலும் இதைத்தான் செய்துகொண்டிருந்தன. 2012 அக்டோபரில் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுக் களஞ்சியமாக விக்கித்தரவு வந்தது. 2013இல் இந்த இணைப்புகள் அங்கே குடியேறின. இப்போது உங்கள் கட்டுரையிலிருந்தே பிறமொழிப் பக்கத்தைத் தேடிச் சேர்த்துவிடலாம், கட்டுரைக்கு ஒரு நிமிட வேலை. ஒன்றை மட்டும் பாருங்கள்: செட்டிநாடு என்பது வட்டாரத்தின் பெயர், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரும் கூட. வட்டாரக் கட்டுரையைக் கிராமத்தின் பக்கத்தோடு சேர்த்துவிடக் கூடாது.

அடுத்தது திறக்காத முகவரிகள். இதற்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் பாட் என்று ஒன்று பல மொழி விக்கிப்பீடியாக்களில் ஓடுகிறது. வெளி இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அது சோதிக்கும். ஒரு தடவை திறக்கவில்லை என்பதற்காக உடனே இறந்ததாக எழுதிவிடாது. நாள் இடைவெளி விட்டு மறுபடி பார்க்கும், ஏனென்றால் சர்வர் ஒரு நாள் படுத்து மறுநாள் எழுவது சாதாரணம். இறந்தது உறுதியானால், இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் பழைய பிரதி இருக்கிறதா என்று தேடி, அந்த முகவரியையும் சேமித்த தேதியையும் மேற்கோளில் சேர்க்கும். மூல முகவரியை அழிக்காது. நீங்கள் நிரல் எழுதவே வேண்டாம். விக்கிக் கணக்கால் அதன் தளத்தில் புகுபதிந்து கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தால் அந்த ஒரு பக்கத்தை அலசிவிடும். 60 கட்டுரைதானே, நான்கு பேர் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

அதிலேயே, இன்னும் சாகாத இணைப்புகளுக்கும் சேமித்த பிரதியைச் சேர்க்கும்படி கேட்கலாம். இதைத் தவறாமல் செய்யுங்கள். எந்தக் காப்பகமும் சேமிக்காமல் விட்ட பக்கம் செத்தால் எந்தப் பாட்டாலும் மீட்க முடியாது. உங்கள் ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர் தூக்கிப்போடுகிற நோட்டீசையும் அழைப்பிதழையும் கோட்டையூரில் உட்கார்ந்து சேர்த்துவைத்தார் ரோஜா முத்தையா. அவர் 1992இல் மறைந்தார். அந்தச் சேகரிப்பை நம்பித்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. இணையப் பக்கத்துக்கும் இதே கதிதான். இருக்கும்போதே எடுத்து வைத்தால்தான் உண்டு.

இந்தப் பாட்டுக்குப் பிடிபடாத இரண்டு வகை இணைப்புகளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒன்று, முகவரி மாறியவை. தமிழக மாவட்டத் தளங்களின் முகவரி முன்பு ‘டிஎன் டாட் நிக் டாட் இன்’ என்று முடிந்தது, பின்னால் ‘டிஎன்’ போய்விட்டது. அதே தகவல் புதிய முகவரியில் இருந்தால் அதைக் கொடுப்பதே மேல். இன்னொன்று, கைமாறியவை. தளத்தின் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டு, வேறொருவர் வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருப்பார். பக்கம் நன்றாகத் திறக்கும், அதனால் பாட் அதை உயிரோடு இருப்பதாகவே எண்ணும். பழைய விடுதி, சுற்றுலாத் தளங்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, மூன்றாவதுக்கு வருவோம். ஊர்ப்பெயர் வரும் இடமெல்லாம் அந்த ஊரின் விக்கிக் கட்டுரைக்கு உள்ளிணைப்பு போடுவது பேரனுக்கு எளிதாகத் தெரியும். விக்கிப் பாட்களுக்கான பைத்தான் நிரல்தொகுப்பான பைவிக்கிபாட்டில் தேடி மாற்றும் நிரல் தயாராகவே இருக்கிறது. ஆனால் உங்கள் ஒன்பது கோயில் ஊர்களையே பாருங்கள். மாத்தூர் இருக்கிறது. மாத்தூர் என்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு, தொட்டிப் பாலம் இருக்கும் ஊர். சென்னையிலும் உண்டு. நேமம் திருவனந்தபுரத்திலும் உண்டு. உங்கள் மாத்தூரின் ஐந்நூற்றீசர் கோயிலைப் பற்றிய வாக்கியத்திலிருந்து வாசகரைத் தொட்டிப் பாலத்துக்கு அனுப்பும் இணைப்பைவிட இணைப்பே இல்லாத வாக்கியம் நல்லது. தொடக்க காலத்தில் நானே இப்படி ஒரு பட்டியலை ஓடவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பியிருக்கிறேன். போட்டது சில நிமிடம், எடுத்தது இரண்டு நாள்.

அப்புறம் தமிழின் இலக்கணம். [[காரைக்குடி]]யில் என்று எழுதினால் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கி ‘யில்’ என்பதையும் சேர்த்தே இணைப்பாகக் காட்டும். செட்டிநாடு அப்படி இல்லை, வேற்றுமை ஏற்றால் செட்டிநாட்டில் ஆகிவிடும். [[செட்டிநாடு|செட்டிநாட்டில்]] என்றுதான் எழுத வேண்டும். கானாடுகாத்தானில் என்பதற்கும் அதே வழிதான், கடைசி ‘ன்’ புள்ளி இழந்து ‘னி’ ஆகிவிடுகிறதே. பேரனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடும் பைத்தானின் வழக்கமான சொல்லெல்லைக் குறியைத் தமிழில் நம்ப முடியாது. அது நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாக எண்ணுவதில்லை, அதனால் சொல்லின் நடுவிலேயே எல்லை கண்டுவிடும். தமிழ் எழுத்துகளின் யூனிக்கோடு வரம்பை வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

கோயில் பெயர்களில் வரும் ‘ஸ்ரீ’ தனித் தொல்லை. கணினியில் அதை இரண்டு விதமாகத் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. சரியான தலைப்பு என்று நினைத்துப் போட்ட இணைப்பு, பக்கம் இல்லை என்று காட்டும் சிவப்பிலேயே நிற்கும். இதற்கு வழிமாற்றுப் பக்கம், அதாவது ஒரு தலைப்பிலிருந்து வாசகரை இன்னொரு தலைப்புக்கு அனுப்பும் பக்கம், உருவாக்குங்கள். இளையாத்தங்குடி, இளையாற்றங்குடி போன்ற எழுத்து வேறுபாடுகளுக்கும் அதே மருந்து. வழிமாற்று இன்னொரு வழிமாற்றுக்குப் போனால் மென்பொருள் முதல் படியோடு நின்றுவிடும். அந்த இரட்டை வழிமாற்றுகளைச் சரிசெய்வதுதான் பாட்டுக்கு ஏற்ற வேலை, பொருள் புரிய வேண்டிய அவசியமே இல்லை.

பெயரை மாற்றும் வேலையை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனது. அதற்காகக் ‘காரைக்குடி நகராட்சி’ என்ற சொல்லை எங்கும் மாற்றினால், பல ஆண்டுகளுக்கு முன் நகராட்சி செய்த காரியமெல்லாம் மாநகராட்சி செய்ததாகிவிடும்.

உள்ளிணைப்புகளுக்கு என் யோசனை அரைத்தானியங்கி. ஆட்டோவிக்கிபிரவுசர் என்ற தொகுப்புக் கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் முன்வைக்கும், நீங்கள் பார்த்துச் சரி என்றால் மட்டும் சேமிக்கும். மாத்தூர் எந்த மாத்தூர் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த நிரலிலும் இல்லை.

அதற்கு மேலும் சொந்தமாகப் பாட் ஓட்ட விரும்பினால், உங்கள் கணக்கில் ஓட்டாதீர்கள். பாட் என்று தெரியும் பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அதன் பயனர் பக்கத்தில் யார் ஓட்டுகிறார், என்ன வேலை என்று எழுதுங்கள். அனுமதிக்கான வேண்டுகோளை வைத்து, தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் ஒரு வரி தெரிவியுங்கள். முதலில் எதையும் சேமிக்காத ஒத்திகை முறையில் ஓட்டி, பிறகு கொஞ்சம் தொகுப்புகள் செய்து காட்டுங்கள். மற்றவர்கள் பார்த்து ஒப்பினால் விக்கியின் அதிகாரி அந்தக் கணக்குக்குத் தானியங்கி அணுக்கம், அதாவது பாட் என்ற உரிமை, தருவார். அதன்பின் அதன் தொகுப்புகள் அண்மைய மாற்றங்களில் மற்றவர் கண்ணை மறைக்காது. பைவிக்கிபாட் இயல்பாகவே ஒரு சேமிப்புக்கும் அடுத்ததற்கும் 10 விநாடி விடும். பேரன் அவசரப்பட்டு அதைக் குறைக்க வேண்டாம். யாராவது பேச்சுப் பக்கத்தில் பிழை என்று எழுதினால் முதலில் பாட்டை நிறுத்துங்கள், பதிலை அப்புறம் எழுதலாம்.