பாலக்காடு செஷன்ஸ் வழக்கு: திரும்பி வந்த மேல்முறையீடு

சித்தூர் அக்கா, உங்கள் தம்பி சிறையிலிருந்து அனுப்பிய மேல்முறையீடு 'முன்கூட்டியது' என்று திரும்பியதாக எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், உரிமை எங்கும் போய்விடவில்லை.

செஷன்ஸ் கோர்ட்டில் குற்றவாளி என்று சொல்வது ஒரு நாள், தண்டனை சொல்வது இன்னொரு நாளாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் தீர்ப்பு முழுமை என்று 1995-இல் ராமா நாரங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பி இடைப்பட்ட நாளில் அவசரப்பட்டு எழுதிவிட்டார், பாவம். உள்ளே இருப்பவருக்கு அதை யார் சொல்வார்கள்?

இப்போதுதான் தண்டனை வந்துவிட்டதே. பழைய மனுவை நம்பி உட்காராமல் புதிதாகவே போடச் சொல்லுங்கள். எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கு, தண்டனை நாளிலிருந்து 60 நாள். தீர்ப்பு நகல் அவருக்கு இலவசம். நகலில் விண்ணப்பித்த தேதி, தயாரான தேதி என்று முத்திரை இருக்கும். அந்த இடைப்பட்ட நாட்கள் 60 நாள் கணக்கில் சேராது. அதனால் அந்தப் பக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள். என் மாமா வழக்கில் அந்தத் தாள்தான் கைகொடுத்தது.

மனுவைச் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் அனுப்பி வைக்க வேண்டும். காவலில் இருப்பவருக்குச் சட்ட சேவை ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு. அப்புறம், தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள்.