படைவீரர் குடும்பங்களுக்கு உதவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டிசம்பர் நெருங்கும்போது எனக்கு வரும் கடிதங்கள் கூடும். பாதிப் பேர் "எங்கே கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் "எங்கே கேட்பது?" என்கிறார்கள். ராணுவ ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், இரண்டாவது வகைக் கடிதங்களில்தான் என் மனம் அதிகம் நிற்கும். நிதி பல இடங்களில் இருக்கிறது. அதை வாங்கித் தரும் காகிதம்தான் பல வீடுகளில் இருப்பதில்லை.

பள்ளியில் என் மகனிடம் கொடி நாளுக்கென்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் உண்மையில் யாருக்குப் போகிறது?
*வாசகர், தஞ்சாவூர்*

கொடி நாள் 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று வருகிறது. ஸ்டிக்கரில் இருக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகியவை தரைப்படை, கடற்படை, விமானப்படையைக் குறிக்கின்றன. தனித்தனியாக இருந்த பல நிதிகளை 1993இல் ஒன்றாக்கி 'படைவீரர் கொடி நாள் நிதி' என்று அமைத்தார்கள். போரில் உயிரிழந்தோர், ஊனமுற்றோர் குடும்பங்களின் மறுவாழ்வு, பணியில் இருப்போர் நலன், முன்னாள் படைவீரர் நலன் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள்.

தமிழ்நாட்டில் வசூல் மாவட்ட ஆட்சியர் வழியாக நடக்கிறது, மாவட்டத்துக்கு இலக்கும் உண்டு. கணக்கு முன்னாள் படைவீரர் நலன் உதவி இயக்குநர் அலுவலகத்தில் இருக்கும். வயதானவர்கள் அந்த அலுவலகத்தை இன்னும் 'சைனிக் போர்டு' என்றுதான் சொல்கிறார்கள். உண்டியலில் போடும் சில்லறைக்கு ரசீது கிடையாது. பெரிய தொகையென்றால் அந்த அலுவலகத்திலேயே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனிடம் சொல்வதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். ஓய்வூதியம் இல்லாத, 65 வயதைத் தாண்டிய முன்னாள் சிப்பாய்க்கும், அப்படிப்பட்டவரை இழந்த மனைவிக்கும் மத்திய அரசின் வாரியம் தரும் வறுமை நிவாரணத் தொகை மாதம் 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் பெறப்படும் விண்ணப்பங்களுக்கு அது 8,000 ரூபாய். அந்தப் பணம் கொடி நாள் நிதியின் ஒரு பகுதியிலிருந்துதான் வருகிறது.

என் கணவர் ஹவில்தாராக ஓய்வு பெற்று மூன்றாண்டுகளுக்கு முன் காலமானார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். உதவித்தொகைக்குப் போனால் 'பெயர் பொருந்தவில்லை' என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார்கள்.
*வாசகி, கம்பம்*

அம்மா, எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமானவை இந்த ரகம்தான்.

வட இந்தியப் பழக்கத்தை வைத்துப் போடப்பட்ட படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்கின்றன. நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான் எல்லாம். ஆள்சேர்ப்பு முகாமில் 'முருகன் கே' என்று எழுதப்பட்டவர் வங்கியில் 'கே. முருகன்' ஆகிறார், ஆதாரில் 'கருப்பையா முருகன்' ஆகிறார். மனைவி ஓரிடத்தில் லட்சுமி, இன்னோரிடத்தில் மகாலட்சுமி. குழந்தை பிறந்ததும் ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் பார்த்து, வீட்டில் கூப்பிடும் பெயரையே பதிவு செய்துவிட்ட சிப்பாய்களும் உண்டு. கணினி வந்த பிறகு இந்தச் சில்லறை வேறுபாடுகளெல்லாம் பெரிய சுவராகிவிட்டன.

திருமணம், குழந்தைப் பிறப்பு போன்றவை பணிக்காலத்தில் 'பார்ட்-2 ஆர்டர்' என்ற பதிவில் ஏறும். உங்கள் பெயரும் மகள் பெயரும் அதில் எப்படி இருக்கின்றன என்பதே ஆதாரம். முதலில் கணவர் பணியிலிருந்து விடுபட்டபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, குடும்ப விவரம் உள்ள பக்கத்தைப் பாருங்கள். அடுத்து ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வைப் பாருங்கள். மூன்றாவதாக ஆதார். எந்த எழுத்து எங்கே மாறுகிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். மாறும் இடத்தைச் சுட்டிக்காட்டாமல் 'பெயர் திருத்தம் வேண்டும்' என்று மட்டும் எழுதும் மனு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும்.

திருத்தக் கோரிக்கை கணவர் பணியாற்றிய பிரிவின் ஆவண அலுவலகமான ரெக்கார்டு ஆபீசுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் பொறியாளர் பிரிவு என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். நேராக அனுப்புவதைவிட மாவட்ட உதவி இயக்குநர் அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். டிஸ்சார்ஜ் புத்தக நகல், மகளின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற நோட்டரி அஃபிடவிட் ஆகியவை இணைப்பில் இருக்கட்டும். உங்கள் குடும்ப ஓய்வூதியம் படைவீரர் ஓய்வூதியத்துக்கான 'ஸ்பார்ஷ்' இணையதளத்துக்கு மாறியிருந்தால் அங்கேயும் அதே எழுத்துகள்தானா என்று பாருங்கள். ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டால், அடுத்த நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கப் போகும்போது அது புதிய தலைவலியாகும்.

இனி தொகை. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அதிகபட்சம் இருவருக்கு, பட்டப்படிப்பு வரை மாதம் 2,000 ரூபாய் கல்வி உதவி உண்டு. முன்பு அது 1,000 ரூபாய். தேர்ச்சி பெற்ற மதிப்பெண் பட்டியலைக் கேட்பார்கள். மகள் பொறியியல், மருத்துவம், பி.எட். போன்ற தொழிற்படிப்பில் இருந்தால் பிரதமரின் கல்வி உதவித்தொகை வேறு இருக்கிறது. பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500 ரூபாய். அந்தப் படிப்பில் சேர்வதற்கான தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் இரண்டாமாண்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள். நாளை திருமணம் என்று வந்தால் மகளுக்கு 1,00,000 ரூபாய் திருமண உதவியும் உண்டு. அதற்கும் காலக்கெடு இருக்கிறது, பந்தல் பிரித்த கையோடு போய்விடுங்கள்.

'ராணுவத்துக்குத் தினம் ஒரு ரூபாய் கொடுங்கள், மத்திய அமைச்சரவை முடிவு' என்று வங்கிக் கணக்கு எண்ணோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. அனுப்பலாமா?
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்தி இது. ஆயுதம் வாங்கவும் ராணுவத்தை நவீனமாக்கவும் பொதுமக்களிடம் பணம் கேட்பதாக அது சொல்கிறது. 2025 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சகமே அதை மறுத்தது. பொய்யோடு கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் இது சாகாமல் இருக்கிறது.

அந்த உண்மை இதுதான். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அப்போது பணம் தர முன்வந்த மக்களுக்காகவே ஒரு கணக்கு தொடங்கப்பட்டு, பிறகு அது முறையான நிதியாகியது. இன்று அதன் பெயர் ஆயுதப் படைகளின் போர்ப் பாதிப்பு நல நிதி. உயிரிழந்த வீரரின் குடும்பத்துக்கு அது 8 லட்சம் ரூபாய் தருகிறது, நான்காண்டுப் பணிக்குச் சேரும் அக்னிவீரர்களுக்கும்தான். பணம் செலுத்த 2022 அக்டோபரில் 'மா பாரதி கே சபூத்' என்ற அரசு இணையதளம் திறக்கப்பட்டது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள், வந்த இணைப்பை அழுத்தாதீர்கள்.

இப்படிப்பட்ட நிதிகளுக்குப் பணம் கொடுத்தால் வரிவிலக்கு கிடைக்குமா?
*வாசகர், கோவை*

பழைய வரி முறையில் இருந்தால் கிடைக்கும். தேசியப் பாதுகாப்பு நிதி, ராணுவ மத்திய நல நிதி, கடற்படை நல நிதி, விமானப்படை மத்திய நல நிதி ஆகியவற்றுக்குத் தந்தால் 80ஜி என்று நாம் பழகிய பிரிவில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கழிவு இல்லை. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

என் அண்ணன் சி.ஆர்.பி.எஃப்.பில் (மத்திய ரிசர்வ் காவல் படை) இருந்தபோது இறந்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் 'உங்களுக்கு இங்கே இல்லை' என்கிறார்கள். துப்பாக்கி பிடித்தவர்களில் இப்படி ஒரு பாகுபாடா?
*வாசகி, அரியலூர்*

கோபம் நியாயமானது. ஆனால் அலுவலர் சொன்னது விதிப்படி சரி. சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படையான பி.எஸ்.எஃப். போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. முன்னாள் படைவீரர் வாரியங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் வழிவந்தவை. உங்களுக்கான கதவு அண்ணன் பணியாற்றிய படையின் குழு மையமும் உள்துறையின் நல வாரியமும்தான். பிரதமரின் கல்வி உதவித்தொகை இந்தப் படையினரின் பிள்ளைகளுக்கும் உண்டு. பயங்கரவாத, நக்சல் தாக்குதலில் இறந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளுக்கும் 2019இல் அதை விரிவுபடுத்தினார்கள்.

பொதுமக்கள் இந்தப் படைகளுக்குக் கொடுப்பதற்காக 2017 ஏப்ரல் 9 அன்று 'பாரத் கே வீர்' தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட ஒரு வீரரின் குடும்பத்துக்கும் கொடுக்கலாம், பொது நிதிக்கும் கொடுக்கலாம். ஒரு குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் என்ற வரம்பு வைத்தார்கள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் இறந்தபோது நாடு முழுக்கப் பணம் கொட்டியது. அவர்களில் இருவர் நம் மாநிலத்தவர், ஒருவர் உங்கள் மாவட்டத்துக்காரர் என்பது உங்களுக்கே தெரியும். அதே படையில் யாரும் கேள்விப்படாத காட்டில் தனியாகச் சுடப்பட்டு இறந்தவரின் பெயரைத் தேடி யாரும் போவதில்லை. கொடுக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை, பொது நிதிக்கே கொடுங்கள்.

தீயணைப்பு வீரர்களுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?
*வாசகர், மதுரை*

கொடி நாள் அளவுக்கு மக்கள் அறிந்த நிதி ஏதும் இல்லை. ஏப்ரல் 14 தீயணைப்போர் நாள் என்பதே பலருக்குத் தெரியாது. 1944இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிபொருளும் பருத்தியும் ஏற்றியிருந்த 'ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போனவர்கள் கூட்டமாக இறந்தார்கள். உங்கள் ஊரிலேயே 2020 தீபாவளி விடியலில் ஜவுளிக் கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரு தீயணைப்பு வீரர்கள் பலியானார்கள். அரசு ஊழியர் என்பதால் நிவாரணமும் ஓய்வூதியமும் துறை வழியாக வரும்.

108 ஊழியர்களின் நிலை வேறு. அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல, சேவையை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்கள். விபத்தில் ஒருவர் இறந்தால் குடும்பம் முதலில் பார்க்க வேண்டியது வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த காப்பீடு. அதில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை வரும், தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கத் தேவையில்லை. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் வரம்புக்குள் சம்பளம் இருந்து, பணியின்போது இறந்திருந்தால் மாதாமாதம் சார்ந்தோர் உதவியும் உண்டு. இவற்றைக் கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் ஏராளம்.

காவல் துறையில் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்திருக்கிறது. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள் மாநிலம் முழுக்க வாட்ஸ்அப் குழு வைத்து, தங்களில் ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்து லட்சக்கணக்கில் அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படிவம் இல்லை, சான்றிதழ் இல்லை. அரசு நிதி வந்து சேருவதற்குள் வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதில் நடக்கின்றன.

எங்கள் ஊரைச் சேர்ந்த சிப்பாய் எல்லையில் இறந்தார். இளைஞர் மன்றத்தில் மூன்று லட்சம் சேர்ந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியத்தில் கொடுக்கலாமா?
*வாசகர், விருதுநகர் மாவட்டம்*

கொடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பதினாறு நாளில் அமைச்சர் வருவார், கட்சிகள் வரும், காசோலைகள் வரும். பணத்தைப் பார்த்ததும் கடன்காரர்களும் பங்காளிகளும் வருவார்கள். இரண்டாம் ஆண்டில்தான் யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு சிக்கலையும் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன். அரசுப் பணத்தின் பெரும்பகுதி பொதுவாக மனைவிக்குப் போகும். பெற்றோர் கைக்குச் சில வேளை எதுவுமே வராது. சின்ன வயது மருமகள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் வாய்த்தகராறு காவல் நிலையம் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதனால் உங்கள் மூன்று லட்சத்தைப் பிரித்துவிடுங்கள். ஒரு பங்கு பெற்றோர் பெயரில் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் போகட்டும், வட்டி மாதம்தோறும் அவர்கள் கைக்கு வரும். பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால் தாய் செல்வமகள் கணக்கு தொடங்கட்டும், நீங்கள் ஆண்டுதோறும் அதில் செலுத்துங்கள். கொஞ்சம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தில் ஆங்கிலமும் கணினியும் தெரிந்த ஒருவரை அந்த வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம், இறப்புச் சான்றிதழ் நகல்கள், வங்கிக் கணக்கு மாற்றம், பிரிவிலிருந்து வரும் இந்திக் கடிதம் என்று ஆறு மாதத்துக்கு வேலை இருக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து நகல் எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். உங்கள் மூன்று லட்சத்தைவிட இந்தக் கோப்பு அந்தப் பெண்ணுக்கு அதிகம் பெற்றுத் தரும்.

என் தந்தை 1971 போரில் இருந்தவர். பாதியில் வந்துவிட்டதால் ஓய்வூதியம் இல்லை. ஏதாவது கிடைக்குமா?
*வாசகர், வேலூர்*

எந்த ஆண்டில், எந்தக் காரணத்தால் விடுவிக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதி மாறும். காரணம் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருக்கும். தகுதி இருந்து, ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்திருந்தால், மேலே சொன்ன மாதம் 8,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். புத்தகம் தொலைந்திருந்தால் ராணுவ எண் போதும், ரெக்கார்டு ஆபீசில் தேடுவார்கள். எண்ணும் மறந்துபோயிருந்தால் பழைய டிரங்குப் பெட்டியின் மூடியைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் எண்ணைப் பெயின்டால் அதில்தான் எழுதுவார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் உயிர்நீத்த வீரரின் மனைவியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த நினைக்கிறோம். உங்கள் கருத்து?
*தலைமையாசிரியர், நாமக்கல்*

முதலில் அவரிடம் கேளுங்கள், மாமனாரிடம் அல்ல. வர விருப்பம் என்றால் வண்டி அனுப்புங்கள், மூன்று மணி நேரம் மேடையில் உட்கார வைக்காதீர்கள், கணவர் இறந்த விதத்தை ஒலிபெருக்கியில் விவரிக்காதீர்கள். அவர் பிள்ளை உங்கள் பள்ளியிலேயே படிக்கிறது என்றால், பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணம் வாங்குவதில்லை என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டு, அதன் நகலை அவர் கையில் கொடுங்கள். பொன்னாடைச் செலவு மிச்சம்.