இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த செவிலியர் தனக்கொரு வழிகாட்டியை எப்படித் தேடுவது?

நெல்லையில் பி.எஸ்சி. நர்சிங் படித்து, சென்னையில் ஐசியுவில் பணியாற்றி, இங்கே வந்து செவிலியர் பதிவுக்கான ஆஸ்கி செய்முறைத் தேர்வில் தேறி, ஒரு மருத்துவ வார்டில் பேண்ட் 5 எனும் தொடக்கநிலைச் செவிலியராகச் சேர்ந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்குப் பிரிசெப்டர் ஒருவரை நியமித்திருக்கிறார்கள், ஆனால் படிவங்களில் கையெழுத்திடுவதற்கு மேல் அவருக்கு நேரமில்லை. மேலே வருவதற்கு வழிகாட்ட ஒரு மூத்தவரை எங்கே தேடுவது? அறிமுகமில்லாதவரிடம் போய் எனக்கு மென்டராக இருங்கள் என்று கேட்கலாமா?"

அன்புத் தங்கைக்கு, முதலில் உங்கள் பிரிசெப்டர்மீது வருத்தம் வேண்டாம். புதிதாகப் பதிவு பெற்றவர் வார்டில் தன் கால்களில் நிற்கும்வரை உடனிருப்பதுதான் அவருடைய பொறுப்பு. உங்களுடைய அடுத்த பத்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு வேறொருவர் வேண்டும். அவர் உங்கள் வார்டுக்கு வெளியே இருப்பவராக இருந்தால் நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுபவரிடமே அந்த வார்டில் உங்களுக்குள்ள தயக்கங்களை மனம்விட்டுச் சொல்வது கடினம்.

எனக்கு அப்படிக் கிடைத்தவர் பார்படோஸ் தீவிலிருந்து 1970களின் தொடக்கத்தில் இளம்பெண்ணாக இங்கு வந்த ஒரு சீனியர் சிஸ்டர், அதாவது வார்டுப் பொறுப்பிலுள்ள மூத்த செவிலியர். மூன்றாண்டுப் பதிவுச் செவிலியர் படிப்பில் சேருவதாக நம்பி வந்தவரை, இரண்டாண்டு 'என்ரோல்டு நர்ஸ்' பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் கரீபியப் பெண்கள் பலருக்கு நேர்ந்தது இது. அந்தத் தகுதியோடு வார்டில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சிஸ்டர் ஆக முடியாது. சொந்த ஊருக்குத் திரும்பினாலும் பெரும்பாலும் செல்லாது. 1980களின் இறுதியில் தொடங்கிய பிராஜெக்ட் 2000 சீர்திருத்தத்தோடு அந்தப் பயிற்சியே படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்குள் இவர் இரவுப் பணியையும் இரண்டு குழந்தைகளையும் சுமந்துகொண்டு மாற்றுப் படிப்பை முடித்து, பதிவுச் செவிலியராகிவிட்டார். இதை அவர் ஒருபோதும் வீரக்கதையாகச் சொன்னதில்லை. எந்த ஆண்டில் எந்தக் கதவு மூடியிருந்தது, அதைத் திறக்க எந்தச் சான்றிதழ் தேவைப்பட்டது, யார் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார், யார் தட்டிக்கழித்தார் என்று ஒரு கணக்காகவே சொல்வார். அந்தக் கணக்கைக் கேட்டபோதுதான், இந்நாட்டில் நன்றாக வேலை செய்வது ஒன்று, செய்த வேலையை எழுத்தில் நிறுவுவது வேறொன்று என்று எனக்கு விளங்கியது.

நான் அடுத்த நிலையான பேண்ட் 6 பதவிக்கு விண்ணப்பித்தபோது அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அது தேவைப்படும். விளம்பரத்தோடு வரும் 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' தாளை மேசையில் விரித்து, கட்டாயத் தகுதிகள் ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எண் போட்டார். பிறகு என் விண்ணப்ப உரையை எடுத்து, ஒன்றாம் எண்ணுக்கான விடை எந்த வரியில் இருக்கிறது, இரண்டாம் எண்ணுக்கு எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னார். தேர்வுக்குழு அந்தத் தாளை வைத்தே மதிப்பெண் இடுகிறது. 'கடின உழைப்பாளி, அர்ப்பணிப்பு மிக்கவள்' என்ற சொற்களுக்கு அதில் இடமில்லை. சென்னையில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட உங்கள் அனுபவத்தையும் இப்படித்தான் எழுத வேண்டும்: என்ன நிலைமை, நீங்கள் என்ன கவனித்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அதனால் நோயாளிக்கு என்ன மாறியது.

இன்னொன்றை அவர் அருகில் நின்று பார்த்தே கற்றேன். இரவில் ரெஜிஸ்ட்ரார் எனும் மூத்த நிலை மருத்துவரை அழைப்பதற்கு முன் நோயாளியின் அளவீட்டுத் தாள், மருந்துத் தாள், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றும் அவர் கைக்கடியில் இருக்கும். தான் யார், எந்த வார்டு, எந்த நோயாளி, இப்போது என்ன வேண்டும் என்பதை முதல் மூச்சிலேயே சொல்லிவிடுவார். இன்று, நாடித்துடிப்பு, மூச்சு போன்ற அளவீடுகளை வைத்து நோயாளியின் ஆபத்தைக் கணக்கிடும் நியூஸ்2 மதிப்பெண் 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசர அழைப்பு என்று விதியே இருக்கிறது. ஆனாலும் மருத்துவரிடம் தாமாகப் பேசத் தயங்கும் பழக்கம் நம் ஊரிலிருந்து வரும் பலருக்கு எளிதில் போவதில்லை. அத்தயக்கம் இங்கே பணிவாகக் கொள்ளப்படாது. நோயாளிக்கு ஆபத்தாகவே முடியும்.

இனி, தேடுவது பற்றி. 'எனக்கு மென்டராக இருங்கள்' என்று கேட்டால் பெரும்பாலோர் அது எவ்வளவு பெரிய சுமையோ என்று பின்வாங்குவார்கள். அதைவிட, ஒரு குறிப்பிட்ட கேள்வியோடு போங்கள்: "நீங்கள் பேண்ட் 5இலிருந்து 6க்குப் போனபோது உங்களிடம் இல்லாத தகுதி எது, அதை எப்படிப் பெற்றீர்கள்? தேநீர் இடைவேளையில் பேச முடியுமா?" உங்களுக்கு ஐசியு ஆர்வம் இருப்பதால், நிலைமை மோசமாகும் நோயாளிகளைப் பார்க்க வார்டுக்கு வந்துபோகும் கிரிட்டிக்கல் கேர் அவுட்ரீச் செவிலியர்களிடமிருந்து தொடங்கலாம். செவிலியர்களுக்குப் பணியிடப் பயிற்சி தரும் பிராக்டிஸ் எஜுகேட்டரும், சக செவிலியர்களுக்குத் துணைநிற்க இங்கிலாந்தில் 2021இல் உருவாக்கப்பட்ட புரொஃபெஷனல் நர்ஸ் அட்வகேட் பொறுப்பில் இருப்பவர்களும் அணுகத்தக்கவர்கள். தமிழரோ மலையாளியோதான் வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். நம்மவர்கள் வீடு பார்ப்பதிலும் விசா விவகாரத்திலும் துணை நிற்பார்கள், ஆனால் உங்கள் துறையில் உங்களுக்கு முன்னே நடந்தவர் எந்த நாட்டவராகவும் இருக்கலாம். ஒருவர் சம்மதித்துவிட்டால், சந்திப்பில் பேசியதையும் நீங்கள் செய்வதாகச் சொன்னதையும் அன்றே இரண்டு வரியில் அவருக்கு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை அவரே நேரம் ஒதுக்குவார்.

மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் ரீவேலிடேஷன் எனும் பதிவுப் புதுப்பிப்புக்கு நீங்கள் ஐந்து அனுபவக் குறிப்புகளை எழுதி, செவிலியர் பதிவை நடத்தும் அமைப்பான என்.எம்.சி.யில் பதிவுள்ள ஒருவருடன் அவற்றை விவாதித்தாக வேண்டும். முதல் குறிப்பை இந்த ஆண்டே எழுதி, விவாதத்துக்கு உங்கள் வழிகாட்டியையே கேளுங்கள்; அதற்கு உங்கள் வார்டு மேனேஜர்தான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.