ஏர்பிரஷ்: அடுத்து எதை வாங்கலாம்?

கேள்வி: பிளாஸ்டிக் விமான மாடல் செஞ்சு பெயிண்ட் பண்றேன், பெரும்பாலும் 1/72 ஸ்கேல் (நிஜ விமானத்துல 72-ல ஒரு பங்கு அளவு). கம்ப்ரஸரோட சேர்ந்து வந்த விலை கம்மி ஏர்பிரஷ்தான் (காத்தால பெயிண்ட்டைத் தெளிக்கற பேனா மாதிரி கருவி) வச்சிருக்கேன், பெயிண்ட்டைத் துப்புது. 0.2 எம்எம் நாசில் (பெயிண்ட் வெளிய வர்ற முனை) இருக்கறதா வாங்கவா?

பதில்: 0.2 இப்போ வேணாங்க. அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் உள்ள இருக்கற ஊசியோட நுனியிலயே காஞ்சு அடைச்சுக்கும், நீங்க துடைச்சுட்டே இருக்கணும், பிரைமர் (முதல்ல அடிக்கற அடிப்பூச்சு), மெட்டாலிக் பெயிண்ட் எல்லாம் அதுல பாடா படுத்தும். என் ஓட்டு இவாட்டா கம்பெனியோட எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் ஏர்பிரஷுக்குத்தான், 0.35 நாசில், பிரைமரும் அடிக்கலாம், ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் ஃபைட்டரோட புள்ளிப்புள்ளி கேமஃப்ளாஜும் போடலாம், முக்கியமா அந்த நாசில்ல மரையே கிடையாது, சும்மா உள்ள உக்காந்துக்கும், அதனால கழுவும்போது குட்டி ஸ்பேனரால திருகி உடைச்சிடுவோமோன்னு பயப்பட வேணாம்.

ஆனா காசு போடறதுக்கு முன்னாடி இருக்கறதையே ஒரு தடவை பாருங்க. டாமியா கம்பெனி அக்ரிலிக்னா எக்ஸ்-20ஏ தின்னரை பெயிண்ட்டுக்குச் சமமா ஊத்தி 15 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல அடிங்க, பாதி துப்பல் அதுலயே நிக்கும். ஊசியை உருவி நுனியை நகத்து மேல மெதுவா உருட்டிப் பாருங்க, கொக்கி மாதிரி மாட்டுச்சுன்னா நுனி வளைஞ்சிருக்கு, ஊசியை மட்டும் மாத்தினா போதும். கம்ப்ரஸர்ல டேங்க் இல்லைன்னா காத்து விட்டு விட்டுதான் வரும், முதல் செலவு டேங்குக்குப் பண்ணுங்க.