அக்காவுக்கு வந்த முதலீட்டு லிங்க்: ஆன்டிவைரஸ் போதுமா?

கேள்வி: கணவரை இழந்த என் அக்கா, டேட்டிங் செயலி ஒன்றில் அறிமுகமானவரோடு நான்கு மாதமாகப் பேசிவருகிறார். வெளிநாட்டில் கப்பல் பொறியாளராம். இதுவரை பணம் கேட்டதே இல்லை. இப்போது, தான் லாபம் பார்க்கும் கிரிப்டோ முதலீட்டுச் செயலி என்று ஒரு லிங்க் அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்கிறார். அக்காவின் ஆண்ட்ராய்டு போனுக்கு அப்டேட் நின்று இரண்டு வருடமாகிறது. நல்ல ஆன்டிவைரஸ் போட்டுக்கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. பழைய போன் ஒரு ஆபத்து, அந்தச் செயலி இன்னொன்று. போனைச் சில நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். செயலியை இன்றே தடுக்க வேண்டும்.

"பணம் கேட்டதே இல்லை" என்பதில் கொஞ்சம் நிம்மதி தெரிகிறது. இந்த வகை மோசடியில் கேட்கவே மாட்டார்கள். மருத்துவச் செலவு, விமான டிக்கெட் என்று கையேந்துவது பழைய முறை. இப்போது மாதக்கணக்கில் பாசமாகப் பேசி, ஒருநாள் தன் லாபக் கணக்கைக் காட்டி, "உனக்கும் சொல்லித்தருகிறேன்" என்கிறார்கள். அக்கா தன் கையால் தன் பெயரில் 'முதலீடு' செய்வார். யாருக்கோ கொடுக்கிறோம் என்றே தோன்றாது. எதிர்முனையில் ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். வேலை தருவதாக ஏமாற்றிக் கொண்டுவந்தவர்களை அடைத்துவைத்து இப்படிப் பேசவைக்கும் வளாகங்களைப் பற்றி ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-இல் அறிக்கை வெளியிட்டது. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் அப்படிச் சிக்கியிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு.

ஆன்டிவைரஸ் ஏன் பிடிக்காது? அந்தச் செயலியில் வைரஸ் இருக்க வேண்டிய தேவையே இல்லை. திரையில் தெரியும் இருப்பும் லாபமும் அவர்கள் உட்கார்ந்து போடும் எண்கள். அக்கா அனுப்பும் கிரிப்டோ நேரே அவர்கள் வாலட்டுக்கு (கிரிப்டோவை வைக்கும் கணக்கு) போய்விடும். "கொஞ்சம் போட்டு, திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்க்கலாமே" என்று தயவுசெய்து நீங்களே யோசனை சொல்லிவிடாதீர்கள். சிறு தொகையை எடுக்க விடுவார்கள். நம்பிக்கை வருவதே அதில்தான். பெரிய தொகை போட்டபிறகு எடுக்கப் போனால் வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு என்று ஆரம்பிக்கும்.

வீடியோ காலில் முகம் பார்த்துவிட்டேன் என்று அக்கா சொல்லக்கூடும். ஹாங்காங்கில் ஒரு நிறுவன ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளையே பார்த்ததாக நம்பி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அங்கே தெரிந்த முகங்கள் டீப்ஃபேக், அதாவது ஏஐ உருவாக்கிய போலி உருவங்கள். 2024 தொடக்கத்தில் வெளிவந்த செய்தி இது. அக்காவோடு பேசுபவர் அனுப்பிய படங்களை கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். வேறு பெயரில் கிடைத்தால் மோசடி என்பதில் சந்தேகமே இல்லை. கிடைக்காவிட்டால் அவர் உண்மையானவர் என்று ஆகிவிடாது, ஏஐ உருவாக்கிய முகம் எங்கும் சிக்காது. இதைவிட நான் நம்புவது இன்னொரு வழியை: உங்கள் நாட்டின் நிதி ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்கு, முகவரியை நீங்களே தட்டிப் போய், அந்தச் செயலியின் நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பாருங்கள். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது. இணைய முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிரபல நிறுவனங்களின் பெயரில் போலித் தளங்கள் ஏராளம்.

அக்காவிடம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். "ஏமாந்துவிட்டாய்" என்று ஆரம்பித்தால் அவர் உங்களிடமிருந்து மறைக்கத் தொடங்குவார். "உன் வீட்டார் பொறாமையில் தடுப்பார்கள்" என்று எதிர்முனையில் ஏற்கெனவே சொல்லிவைத்திருப்பார்கள். நீங்கள் கோபப்பட்டால் அது மெய்யாகிவிடும். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்துக்கே போகாதீர்கள். "அவரோடு பேசு, நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் அனுப்பும் செயலியும் அவர் சொல்லும் முதலீடும் மட்டும் வேண்டாம். என்னோடு சேர்ந்து ஒருமுறை சரிபார்" என்று கேளுங்கள். முதலீட்டுக்கு மறுத்தபின் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அக்காவே பார்க்கட்டும். நான்கு மாதம் துணையாக இருந்த குரல் பொய் என்று தெரிந்தால் அது அவருக்கு ஒரு இழப்புதான். அப்போது பக்கத்தில் இருங்கள்.

செயலியை ஏற்கெனவே போட்டுவிட்டாரா? போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். அங்கே அனுமதி பெற்ற செயலி திரையைப் படிக்க முடியும், ஓடிபி உட்பட. அனுமதியை நீக்கிவிட்டு செயலியை அழியுங்கள். வேறொரு போனிலிருந்து முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்படி அனுமதி கொடுத்திருந்தால் ஃபேக்டரி ரீசெட் செய்வதே பாதுகாப்பு. பணம் போயிருந்தால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். உரையாடல், வாலட் முகவரி, பரிமாற்ற எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுத்துவிட்டு அப்புறம் பிளாக் செய்யுங்கள். சில வாரங்களில் "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது வருவார்கள். முன்பணம் கேட்டால் அதுவும் மோசடிதான்.

இனி போன். பாதுகாப்பு ஓட்டைக்கு அப்டேட் வெளியானதும், அதைப் பிரித்துப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று தாக்குபவர்களும் தெரிந்துகொள்கிறார்கள். அப்டேட் போடாதவர்களுக்கு அதன்பிறகுதான் ஆபத்து கூடுகிறது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு விண்டோஸ் ஓட்டையை அடைத்தது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாகிரை என்ற, பணம் கேட்டு மிரட்டும் தீம்பொருள் புகுந்து சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. 2023 செப்டம்பரில் தெரியவந்த, படங்களைக் காட்டப் பல செயலிகள் பயன்படுத்தும் லிப்வெப்பி மென்பொருளின் ஓட்டைக்கு, தீங்கான படம் ஒன்று திரையில் திறந்தாலே போதும். எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை.

செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி இருக்கும். அது இரண்டு வருடம் பழையது என்றால் வங்கிச் செயலியை அந்த போனிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிது வாங்கும்போது கேமராவைப் பற்றிக் கேட்பதற்கு முன், எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்று கேளுங்கள். கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு வெளியானதிலிருந்து 7 வருடம் என்று அந்த நிறுவனங்கள் உறுதி தந்துள்ளன. விலை குறைந்த மாடல்களில் இது வெகுவாகக் குறையும், மாடல் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.