தலையில் அடிபட்டு ஸ்கேனும் கண் டெஸ்டும் நார்மல் என்றான பிறகும் படிக்க முடியவில்லை. விஷன் தெரபி என்கிற கண் பயிற்சி பலன் தருமா?

உங்கள் தம்பி பைக்கிலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. சிடி ஸ்கேன் நார்மல், கண்ணாடிக் கடையில் பார்த்ததில் 6/6. ஆனாலும் கொஞ்ச நேரம் புத்தகத்தைப் பிடித்தாலே தலைவலி, குமட்டல். வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அவர் படும் பாடு நிஜம். எனக்கும் ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு இதேதான் வந்தது.

நான் பிளஸ் டூ கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் மூன்றாவது தாளிலேயே மேல்வரியும் கீழ்வரியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு கண்ணைக் கையால் மூடினால் வரிகள் அதனதன் இடத்தில் போய் நிற்கும். உங்கள் தம்பியையும் இப்படி ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போது சிரமம் சட்டென்று குறைந்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்வதில்தான் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம்.

6/6 என்பது 6 மீட்டர் தூரத்து எழுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தெரிகிறதா என்கிற கணக்கு, அவ்வளவுதான். படிப்பதற்கு இரண்டு கண்ணும் மூக்குப் பக்கமாகச் சேர்ந்து திரும்ப வேண்டும், கிட்டத்தில் ஃபோகஸ் நிற்க வேண்டும், வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்குச் சரியாகத் தாவ வேண்டும். மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளை எல்லாம் கூடி நடத்துகிற வேலை இது. கன்கஷனில், அதாவது அடிபட்டு மூளை அதிர்ந்துபோவதில், பாதிக்கப்படுவது மூளை வேலை செய்யும் விதம். ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுகிற சிடியில் அது தெரியாது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் கன்கஷன் ஆன 100 வளரிளம் பருவத்தினரைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 69 பேருக்கு இப்படி ஏதாவது ஒரு பார்வைக் கோளாறு இருந்தது. கிட்டத்தில் கண்கள் சேராத கன்வெர்ஜென்ஸ் இன்ஸஃபிஷியன்ஸி மட்டுமே ஏறக்குறைய பாதிப் பேருக்கு.

இதைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் மிகச் சுலபமானது. ஒரு குச்சியில் ஒட்டிய சின்ன எழுத்தை மூக்கை நோக்கிக் கொண்டுவருவார்கள். எந்த இடத்தில் அது இரண்டாகத் தெரிகிறதோ அதை ஸ்கேலில் அளப்பார்கள். பொதுவாக 5, 6 செ.மீ. வரை ஒன்றாகவே தெரிய வேண்டும். எனக்கு 15 செ.மீ. தள்ளி இருக்கும்போதே பிரிந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய இன்னும் தள்ளிப் போனது. கண்ணைப் பரிசோதித்த ஆப்டோமெட்ரிஸ்ட் அந்த எண்ணைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதுவரை என் தொந்தரவுக்கு ஒரு அளவு இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை.

பயிற்சியில் எனக்கு அதிகம் உதவியது பிராக் ஸ்ட்ரிங் என்கிற மணி கோத்த நூல். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு ஒரு மணியைப் பார்க்க வேண்டும். கண்கள் சரியாகச் சேர்ந்தால் நூல் இரண்டாகத் தெரிந்து, அந்த மணியிலேயே பெருக்கல் குறிபோல வெட்டிக்கொள்ளும். எனக்குக் கிட்ட மணியைப் பார்க்கும்போது அந்த வெட்டு மணிக்கு அப்பால் போய் விழும். சில சமயம் ஒரு நூலே காணாமல் போகும். ஒரு கண் அனுப்புகிற படத்தை மூளை ஒதுக்கிவிடுகிறது என்று அர்த்தம். கண்ணைச் சேர்த்து அந்த வெட்டை மணிக்கு இழுத்து வருவதுதான் பயிற்சி. நெற்றி வலிக்கும், எரிச்சல் வரும். ஆனால் சரியாகச் செய்கிறோமா என்பது நமக்கே கண்ணெதிரே தெரிவதால் விட மனசு வராது. கூடவே ஃபிளிப்பர் என்கிற, ஒரே பிடியில் பிளஸ், மைனஸ் லென்ஸ்கள் பொருத்திய கருவியை மாற்றி மாற்றிப் பிடித்து ஃபோகஸ் பயிற்சியும் உண்டு. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் ஒரு கட்டு விடைத்தாளை ஒரே மூச்சில் திருத்த முடிந்தது.

ஆதாரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2008-இல் அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், கிளினிக்கில் ஆள் வைத்து 12 வாரம் பயிற்சி பெற்றவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம், ஒப்புக்குப் பயிற்சி தரப்பட்டவர்களில் 35. அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்ல என்பதை மறக்க வேண்டாம். கன்கஷனுக்குப் பிறகு பலருக்கு முதல் சில வாரங்களில் இது தானாகவே சரியாகிவிடும், அதனால் அடிபட்ட மறுவாரமே தெரபிக்கு ஓடத் தேவையில்லை. இரண்டு மாதம் ஆகியும் குறையவில்லை என்றால் கட்டாயம் அளந்து பார்க்க வேண்டும்.

அளக்காமலே முப்பது சிட்டிங், நாற்பது சிட்டிங் என்று பேக்கேஜ் பேசுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். தொடக்கத்தில் எத்தனை செ.மீ., எத்தனை வாரம் கழித்து மறுபடி அளப்பீர்கள் என்று கேளுங்கள். ஞாபகசக்தி கூடும், மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 2019-இல் வந்த தொடர் ஆய்வில் ஒப்புக்குத் தந்த பயிற்சியைவிட இந்தத் தெரபி வாசித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் கூடுதலாக வளர்க்கவில்லை. கண் சேருவதற்குத்தான் இந்தப் பயிற்சி.

ஜவுளிக் கடைக் கூட்டத்தில் தலை சுற்றுவதும் சேர்ந்திருந்தால், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சார்ந்த பயிற்சியும் வேண்டியிருக்கும். அதற்குத் தனியாகப் பிசியோதெரபிஸ்ட் உண்டு. படி இறங்கும்போது பொருள்கள் மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால் அது நான்காவது மூளை நரம்பின் பாதிப்பாக இருக்கலாம், இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கும் பிரிசம் கண்ணாடியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். அதனால்தான் கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு, இரு கண்களின் ஒத்துழைப்பைப் பார்க்கும் ஆர்த்தோப்டிக்ஸ் பிரிவு உள்ள பெரிய கண் மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். சென்னை என்றால் சங்கர நேத்ராலயாவில் இரு கண் பார்வைக்கென்றே கிளினிக் இருக்கிறது. போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். நடுவில் தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரு கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ கண் மருத்துவமனை வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.