பதில்: உட்கார வைத்தும் குவார்ட்டர்பேக் வளரவில்லை

காலேஜ் ஃபுட்பால் 25 வீடியோ கேமின் டைனஸ்டியில் (கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றைப் பல சீசன் நடத்தும் முறை), இரண்டு சீசன் ஆட விடாமல் உட்கார வைத்த மூன்று நட்சத்திர குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) திறன் மதிப்பெண் ஏறவே இல்லை, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சிக்கல் பயிற்சியில் இல்லை, அந்தப் பையனின் உச்சவரம்பில் இருக்கும். பிளேயர் கார்டில் திறன் குழுக்களைத் திறந்து பாருங்கள். கட்டங்களில் சில அடைபட்டிருந்தால், எத்தனை வருடம் காத்தாலும் அந்தக் குழு அதைத் தாண்டாது. துல்லியத்துக்கான குழுவிலேயே அடைப்பு இருந்தால் அவரை நம்பி அணியைக் கட்டாதீர்கள்; போர்ட்டலில் (வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் பட்டியல்) வேறு ஆள் தேடுங்கள்.

அடைப்பு குறைவு என்றால் வளர்ச்சிப் பண்பைப் பாருங்கள்: நார்மல், இம்பாக்ட், ஸ்டார், எலீட். நார்மல் என்றால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். பயிற்சியாளர் புள்ளிகளை மோட்டிவேட்டர் பக்கம் போடுங்கள், வீரர் வளர்ச்சிக்கென்றே உள்ள பிரிவு அது. ரெக்ரூட்டரில் மட்டும் கொட்டினால் நல்ல பையன்கள் வருவார்கள், வளர மாட்டார்கள்.

ரெட்ஷர்ட் (ஆடத் தகுதியுள்ள வருடங்களில் ஒன்றைச் செலவழிக்காமல் ஒரு சீசன் உட்கார வைப்பது) போட்டவரையும் 4 ஆட்டம் வரை இறக்கலாம், ஐந்தாவதில் இறக்கினால் அந்தத் தகுதி வருடம் கழிந்துவிடும். ஆனால் விளையாடும் நேரத்தையே முக்கிய நிபந்தனையாக வைத்திருப்பவருக்கு ரெட்ஷர்ட் போடும் முன் யோசியுங்கள். சீசன் முடிந்ததும் போர்ட்டலுக்குக் கிளம்பிவிடக்கூடும்.